கழன்ற குழாயும் மெலிந்த காற்றும்

பெற்றோலில் ஓடும் கார் எஞ்சின் எதுவாயினும், அது செய்யும் மற்ற எல்லா வேலைகளுக்கும் முன்பாக, காற்றை உள்ளே இழுக்கும் ஒரு பம்பாகவே இயங்குகிறது. சிலிண்டருக்குள் பிஸ்டன் இறங்கும்போது உண்டாகும் இடத்தை நிரப்ப வெளிக்காற்று விரைந்து வருகிறது. ஆனால் அது வரும் வழியில் த்ரோட்டில் எனப்படும் வட்டத் தட்டு ஒன்று கதவு போல நின்று, ஓட்டுநர் அக்சிலேட்டரை எவ்வளவு மிதிக்கிறாரோ அந்த அளவுக்கு மட்டுமே வழி விடுகிறது. காலை எடுத்துவிட்டால் அந்தக் கதவு ஏறக்குறைய மூடிக்கொள்வதால், பிஸ்டன்கள் இழுக்க முயலும் அளவுக்குக் காற்று வந்து சேர்வதில்லை; கதவுக்கும் சிலிண்டர்களுக்கும் இடையே உள்ள இன்லெட் மெனிஃபோல்ட் என்ற கிளைக்குழாயில் காற்றின் அழுத்தம் வெளியே உள்ளதைவிட மிகவும் தாழ்ந்துவிடுகிறது. இந்தத் தாழ்ந்த அழுத்தத்தைத்தான் கராஜ்களில் வெக்கியூம் என்கிறார்கள். வெற்றிடம் என்று தமிழில் பெயர் சொன்னாலும் அது முழு வெற்றிடம் அன்று. வெளிக்காற்றுக்கும் உள்காற்றுக்கும் இடையே உள்ள வேறுபாடே அதன் பொருள் என்பதை மனத்தில் இருத்திக்கொண்டால், கீழே வரும் எல்லாச் செய்திகளும் அந்த ஒரு வேறுபாட்டிலிருந்தே பிறப்பது விளங்கும்.

எஞ்சினை வடிவமைத்தவர்கள் இந்த இழுவிசையை வீணாக்கவில்லை. மெனிஃபோல்டில் சிறு முனைகள் வைத்து, அவற்றில் ரப்பர் குழாய்களை மாட்டி, பிரேக்குக்கு உதவி செய்யவும், தீப்பொறியின் நேரத்தை மாற்றவும், பெற்றோலின் அழுத்தத்தைச் சீராக்கவும், எஞ்சினுக்குள் சேரும் புகையை உறிஞ்சி எரிக்கவும் அதனைப் பயன்படுத்திக்கொண்டார்கள். அவற்றுள் பல எழுதுகோலின் பருமன்கூட இல்லாத குழாய்கள். அவற்றில் ஒன்று கழன்றாலோ வெடித்தாலோ எஞ்சின் எவ்வாறு மாறுகிறது என்பது எந்த ஊருக்கும் பொதுவான கேள்வி. ஆயினும் ஊவா மாகாணத்தில் அந்தக் கேள்விக்கு வேறொரு முகமும் உண்டு. பதுளை கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 680 மீட்டர் உயரத்திலும், எல்ல 1,040 மீட்டரிலும், பண்டாரவளை 1,200 மீட்டருக்குச் சற்று மேலும், அப்புத்தளை 1,430 மீட்டர் அளவிலும் அமைந்துள்ளன. இந்த உயரங்களில் வெளிக்காற்றே மெலிந்திருக்கிறது. ஆகவே மலையில் ஓடும் வண்டி ஒன்று தடுமாறும்போது, அந்தத் தடுமாற்றம் மலையினால் வந்ததா, குழாயினால் வந்ததா என்று பிரித்தறிய வேண்டியிருக்கிறது; இரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்வதால்தான் பல வண்டிகளில் மாற்ற வேண்டாத பாகங்கள் மாற்றப்படுகின்றன, மாற்ற வேண்டிய குழாய் அப்படியே விடப்படுகிறது.

உயரம் கூடக்கூடக் காற்றின் அழுத்தம் குறைகிறது என்பது 1648ஆம் ஆண்டு பிரான்ஸ் நாட்டில் செய்து காட்டப்பட்ட உண்மை. பாஸ்கல் என்ற அறிஞரின் வேண்டுகோளின்படி அவருடைய மைத்துனர் ஃப்ளோரன் பெரியே என்பவர், பாதரசம் நிரம்பிய கண்ணாடிக் குழாய் ஒன்றைப் புய் த தோம் என்ற மலையின் உச்சிக்குக் கொண்டு சென்று அளந்தபோது, அடிவாரத்தில் நின்ற அளவைவிடப் பாதரசம் மூன்று அங்குலத்துக்கும் மேல் இறங்கியிருந்தது. அந்த மலையின் உயரம் 1,465 மீட்டர். அதாவது அப்புத்தளை நகரம் நிற்கும் உயரத்துக்கு ஏறக்குறைய ஒப்பானது. ஐரோப்பாவின் அறிவுலகத்தை வியக்கவைத்த அந்த மெலிந்த காற்றைத்தான் அப்புத்தளையிலும் தம்பேதென்னைத் தோட்டத்திலும் வாழ்பவர்கள் நாள்தோறும் மூச்சாக இழுக்கிறார்கள். அவர்களுடைய வண்டிகளும் அதையே இழுக்கின்றன.

அழுத்தத்தைப் பாதரச அங்குலத்தில் அளக்கும் பழக்கம் கராஜ்களில் இன்றும் உள்ளது. கடற்கரையில் காற்றின் அழுத்தம் ஏறத்தாழ 30 அங்குலம். ஒவ்வோர் ஆயிரம் அடி ஏறும்போதும் அது ஓர் அங்குலம் அளவில் குறைகிறது. நல்ல நிலையில் உள்ள பெற்றோல் எஞ்சின் ஒன்று கொழும்பில் ஐட்லிங்கில், அதாவது வண்டி நிற்க எஞ்சின் மட்டும் மெதுவாக ஓடும் நிலையில், 17 முதல் 22 அங்குலம் வரை வெக்கியூம் காட்டும். கொழும்பில் 18 அங்குலம் காட்டும் எஞ்சினைப் பதுளைக்குக் கொண்டு வந்தால் 16 அளவிலும், அப்புத்தளைக்கு ஏற்றினால் 13 அல்லது 14 அளவிலும் முள் நிற்கும். எஞ்சினில் எந்தக் குறையும் இல்லை. வெளிக்காற்றின் அழுத்தம் தாழ்ந்திருப்பதால் வேறுபாடு சுருங்கிவிட்டது, அவ்வளவுதான். கருவியுடன் வரும் அட்டையில் அச்சிடப்பட்ட பச்சை நிறப் பகுதி கடல் மட்டத்தில் வாழ்பவர்களுக்காக வரையப்பட்டது என்பதை அறியாத ஒருவர், அப்புத்தளையில் 14 அங்குலத்தைக் கண்டு கசிவு இருப்பதாக முடிவு செய்து, இல்லாத ஓட்டையைத் தேடிக்கொண்டிருக்க நேரும். இதற்கு எதிரான பிழை இன்னும் கேடானது: உண்மையிலேயே கசிவுள்ள எஞ்சின் 10 அங்குலம் காட்டும்போது, மலையில் இப்படித்தான் இருக்கும் என்று சொல்லி வண்டியைத் திருப்பி அனுப்புவது.

உயரம் எஞ்சினிடமிருந்து எதை எடுத்துக்கொள்கிறது, கழன்ற குழாய் எதை எடுத்துக்கொள்கிறது என்பதைக் கணக்கால் பிரித்துப் பார்க்கலாம். ஒரு லீட்டர் கொள்ளளவுள்ள சிறு கார் எஞ்சின் நிமிடத்துக்கு 800 சுற்று ஐட்லிங்கில் ஓடும்போது, த்ரோட்டில் மூடியிருப்பதால், அது உண்மையில் உள்ளே பெறும் காற்று நிமிடத்துக்கு ஏறத்தாழ 140 லீட்டர்தான். அதே நேரத்தில், மெனிஃபோல்டில் 4 மில்லிமீட்டர் விட்டமுள்ள ஒரு முனையிலிருந்து குழாய் கழன்றுவிட்டால், அந்தத் துளையின் வழியே மட்டும் நிமிடத்துக்கு 100 லீட்டர் அளவில் காற்று புகக்கூடும். வெண்டைக்காய் விதையளவு துளை ஒன்று எஞ்சினின் மொத்த உணவில் பெரும்பகுதியை அழைப்பில்லாமல் உள்ளே கொண்டுவருகிறது. ஆனால் அதே கார் பெரகலையிலிருந்து அப்புத்தளைக்கு அக்சிலேட்டரை முழுதும் மிதித்த நிலையில் 4,000 சுற்றில் ஏறும்போது, எஞ்சின் நிமிடத்துக்கு 1,500 லீட்டருக்கும் மேல் காற்றை உண்கிறது. த்ரோட்டில் முழுதும் திறந்திருப்பதால் உள்ளும் வெளியும் அழுத்தம் ஏறக்குறைய சமமாகிவிட, அந்தத் துளையின் வழியே நுழையும் காற்று மிகச் சிறிதாகிவிடுகிறது.

இதிலிருந்து பெறப்படும் முடிவு மலைநாட்டு வண்டிக்காரர்களுக்கு மிகவும் பயனுள்ளது. ஏற்றத்தில் இழுவை குறைவது பெரும்பாலும் உயரத்தின் வேலை. அப்புத்தளையில் காற்றின் அடர்த்தி கடற்கரையில் உள்ளதைவிட எட்டில் ஒரு பங்கு அளவுக்குக் குறைவு. டர்போ இல்லாத எஞ்சின் எவ்வளவு புதியதாக இருந்தாலும் அந்த அளவுக்குச் சக்தியை இழந்தே தீரும், அதற்கு எந்தக் கராஜிலும் மருந்து இல்லை. மாறாக, சந்தியில் நிற்கும்போது எஞ்சின் நடுங்குவதும், தானாகச் சுற்று ஏறி இறங்குவதும், அணைந்துவிடுவதும், இறக்கத்தில் பிரேக் பெடல் கடினமாவதும் குழாயைச் சந்தேகிக்க வேண்டிய குறிகள். ஏற்றத்தில் மட்டும் தெரியும் குறையையும், நிற்கும்போதும் இறங்கும்போதும் தெரியும் குறையையும் வேறு வேறாகச் சொல்லத் தெரிந்தாலே, பாஸ் என்று அழைக்கப்படும் மெக்கானிக்குக்குப் பாதி வேலை முடிந்துவிடும்.

ஐட்லிங்கில் எஞ்சின் நடுங்குவதன் காரணம் கலவையில் இருக்கிறது. பெற்றோல் ஒரு பங்குக்குக் காற்று எடையளவில் ஏறத்தாழ 14.7 பங்கு சேர்ந்தால்தான் இரண்டும் மிச்சமின்றி எரியும். கழன்ற குழாயின் வழியே வரும் காற்று த்ரோட்டிலைக் கடந்து வராததால், அதற்குரிய பெற்றோல் அதனுடன் வருவதில்லை, கலவை மெலிந்துபோகிறது. மெலிந்த கலவை சில வேளைகளில் தீப்பிடிக்காமலே வெளியேறுவதால் எஞ்சின் ஒரு துடிப்பைத் தவறவிட்டு உதறுகிறது. துளை எந்தச் சிலிண்டருக்கு அருகில் உள்ளதோ அந்தச் சிலிண்டர் முதலில் பாதிக்கப்படும் என்பதால், ஒரு பிளக் மட்டும் வெளிறிக் காணப்பட்டால் அதன் பக்கத்துக் குழாய்களைப் பார்ப்பது முறை.

காபுரேட்டர் உள்ள பழைய கார்களில் இந்தக் கதை இன்னொரு சுற்றுச் சுற்றுகிறது. காபுரேட்டர் என்பது ஓடும் காற்றின் வேகத்தைக் கொண்டே பெற்றோலை இழுத்துக் கலக்கும் கருவி. காற்று மெலிந்துவிட்டது என்பதை அது அறியாது. எனவே கொழும்பில் சரிசெய்யப்பட்ட காபுரேட்டர் பண்டாரவளையில் தேவைக்கு அதிகமாகப் பெற்றோலைக் கொடுத்து, கலவையைச் செறிவாக்கி, பிளக்கில் கரி படிய வைக்கிறது. இத்தகைய காரில் சிறு கசிவு ஒன்று உண்டாகும்போது, உயரம் செறிவாக்கிய கலவையைக் கசிவு மெலிதாக்குவதால், இரண்டு குறைகளும் ஒன்றையொன்று ஓரளவு மறைத்துக்கொள்ளக் கூடும். அந்தக் கார் வெல்லவாயப் பக்கம் இறங்கியதும் செறிவு நீங்கிவிட, கசிவு மட்டும் தனியே வெளிப்பட்டு, மலையில் நன்றாக ஓடிய வண்டி கீழே வந்து நடுங்கத் தொடங்குகிறது. கீழ்நாட்டுப் பெற்றோலைக் குறைசொல்வதற்கு முன்பு குழாய்களை ஒரு முறை தடவிப் பார்ப்பது நல்லது.

அதே பழைய கார்களில் டிஸ்ட்ரிபியூட்டரின் பக்கத்தில் தட்டையான சிறு டப்பா ஒன்று இருக்கும். அதனுள் உள்ள சவ்வை வெக்கியூம் இழுக்கும்போது, தீப்பொறி சற்று முந்திப் பாய்கிறது. அக்சிலேட்டரை இலேசாக மிதித்து ஓடும் வேளையில் சிலிண்டருக்குள் கலவை குறைவாக இருப்பதால் அது மெதுவாக எரியும். மெதுவாக எரிவதை முன்கூட்டியே பற்றவைக்க வேண்டும் என்பதே இந்த ஏற்பாட்டின் நோக்கம். இக்குழாய் கழன்றால் வண்டி நின்றுவிடாது, பெரிதாக நடுங்கவும் செய்யாது. ஆனால் நெருப்பு பிந்தி எரிவதால் வெப்பத்தின் ஒரு பகுதி வேலை செய்யாமல் சைலன்சர் வழியே போய்விட, பெற்றோல் கூடுதலாகச் செலவாகும். ஓட்டுநருக்கு எந்தச் சத்தமும் கேட்காத இந்த இழப்பை 2022ஆம் ஆண்டில், கியூஆர் அட்டையைக் காட்டிக் கார் ஒன்றுக்கு வாரம் 20 லீட்டர் என்று அளந்து பெற்றோல் பெற்ற நாட்களோடு பொருத்திப் பார்த்தால், ஒரு குழாய்த் துண்டின் மதிப்பு விளங்கும்.

கணினிப் பெட்டி பெற்றோலை அளந்து தெளிக்கும் பிற்காலத்துக் கார்களில், பெட்டி காற்றை எவ்வாறு அறிகிறது என்பதைப் பொறுத்தே கசிவின் விளைவு அமைகிறது. ஒரு வகையில், காற்று நுழையும் வாயிலில் உள்ள சென்சர் உள்ளே செல்லும் காற்றை எடையளந்து சொல்கிறது. கழன்ற குழாயின் வழியே நுழையும் காற்று அந்த வாயிலைக் கடக்காததால் கணக்கில் சேர்வதில்லை, கலவை மெலிகிறது, சைலன்சருக்குப் போகும் புகைக்குழாயில் உள்ள ஒட்சிசன் சென்சர் அதைக் கண்டு சொல்ல, பெட்டி பெற்றோலைக் கூட்டிக் கூட்டி ஈடுசெய்து, தன் எல்லையைத் தொட்டதும் செக் எஞ்சின் விளக்கை ஏற்றுகிறது. மற்றொரு வகையில், மெனிஃபோல்டின் அழுத்தத்தையே ஒரு சென்சர் அளக்கிறது. சிறு கார்கள் பலவற்றில் உள்ள முறை இது. இங்கே கசிந்து வந்த காற்றும் அழுத்தத்தை உயர்த்துவதால் பெட்டி அதற்கும் சேர்த்தே பெற்றோல் தருகிறது. எனவே எஞ்சின் நடுங்குவதற்குப் பதிலாக, யாரோ அக்சிலேட்டரை மிதித்தது போல ஐட்லிங் சுற்று உயர்ந்து நிற்கிறது.

ஆனால் அந்த அழுத்த சென்சருக்குப் போகும் குழாயே கழன்றுவிட்டால் நடப்பது முற்றிலும் வேறு. சென்சர் இப்போது வெளிக்காற்றை அளக்கிறது. பெட்டியோ ஓட்டுநர் அக்சிலேட்டரை முழுதும் மிதித்துவிட்டார் என்று நம்பி, ஐட்லிங்கில் நிற்கும் எஞ்சினுக்குப் பெற்றோலை வாரி இறைக்கிறது. கரும்புகை, பெற்றோல் வாடை, நனைந்த பிளக், திணறி அணையும் எஞ்சின் ஆகியவை தொடர்கின்றன. கழன்ற குழாய் என்றாலே கலவை மெலியும் என்று எண்ணியிருப்பவர் இங்கே இன்ஜெக்டரையும் பம்பையும் சந்தேகித்துச் செலவு செய்வார். இதே சென்சர் மலைநாட்டுக்கு ஒரு நன்மையும் செய்கிறது. சாவியைத் திருப்பி, எஞ்சினை ஸ்டார்ட் செய்யாமல் ஸ்கேனரில் பார்த்தால், அது அந்த ஊரின் காற்றழுத்தத்தைக் காட்டும்: கொழும்பில் 101 கிலோபாஸ்கல் அளவு, பதுளையில் 93, அப்புத்தளையில் 85. ஊரின் உயரத்துக்கு ஏற்ற எண் வந்தால் சென்சர் நலமாக உள்ளது. பின்பு எஞ்சின் ஓடும்போது அந்த எண் எவ்வளவு இறங்குகிறது என்பதே அந்த ஊருக்குரிய உண்மையான வெக்கியூம். பெரகலையிலானாலும் பூணாகலையிலானாலும், ஊருக்கு ஊர் தன்னைத் திருத்திக்கொள்ளும் அளவுகோல் கையில் இருக்கும்போது, கடல் மட்டத்துக்கு அச்சிட்ட அட்டையை நம்ப வேண்டியதில்லை.

வெக்கியூமின் இயல்பை எல்லாரும் கண்ணால் காணும்படி வைத்திருந்த வண்டிகளும் ஒரு காலத்தில் இருந்தன. 1950களின் ஃபோர்ட் ஆங்கிலியா, ப்ரிஃபெக்ட் போன்ற கார்களில் மழைத்துடைப்பானை மோட்டாருக்குப் பதிலாக வெக்கியூமே அசைத்தது. அக்சிலேட்டரை முழுதும் மிதித்து ஏற்றத்தில் போகும்போது வெக்கியூம் அற்றுப்போவதால், துடைப்பான் கண்ணாடியின் நடுவில் தயங்கி நிற்கும்; காலை எடுத்ததும் படபடவென்று அடிக்கும். மழைக்காலத்தில் மலை ஏறுபவருக்கு அது பெரும் தொல்லை. ஆயினும் மெனிஃபோல்டுக்குள் நடப்பதை இவ்வளவு தெளிவாகக் காட்டிய கருவி வேறொன்றில்லை.

டீசல் எஞ்சினின் நிலை வேறு. தோட்டப் பாதைகளில் ஓடும் வான்களும், மடுவத்திலிருந்து தொழிற்சாலைக்குக் கொழுந்து ஏற்றும் லொறிகளும் பெரும்பாலும் டீசலில் ஓடுபவை. டீசல் எஞ்சின் காற்றைக் கதவால் அடைப்பதில்லை; வேண்டிய அளவு டீசலை மட்டும் கூட்டிக் குறைப்பதால் அதன் மெனிஃபோல்டில் வெக்கியூம் உண்டாவதும் இல்லை. எனவே பிரேக்குக்கு வேண்டிய வெக்கியூமை உண்டாக்க, தனியான சிறு பம்ப் ஒன்று, பல ஜப்பானிய வான்களில் ஓல்டர்நேட்டரின் முதுகிலேயே, பொருத்தப்பட்டிருக்கிறது. இங்கே குழாய் கழன்றால் எஞ்சினின் ஓட்டத்தில் பெரும்பாலும் எந்த மாற்றமும் தெரியாது. ஐட்லிங்கில் நடுங்கி எச்சரிக்கும் நற்குணம் டீசலுக்கு இல்லாததால், ஓட்டுநருக்குக் கிடைக்கும் முதற்செய்தி கடினமான பிரேக் பெடலாகவே இருக்கக்கூடும். டர்போ உள்ள டீசல் வண்டிகள் சிலவற்றில் டர்போவின் வீச்சைக் கட்டுப்படுத்துவதும் வெக்கியூம்தான். அந்தக் குழாய் விட்டுப்போனால் டர்போ வேலை செய்யாமல் ஏற்றத்தில் இழுவை அடியோடு விழுந்துவிடும். ஏற்றத்தின் குறை உயரத்தினுடையது என்ற மேற்சொன்ன விதிக்கு இது முக்கியமான விலக்கு.

பிரேக்கைப் பற்றி விரிவாகச் சொல்ல வேண்டும். ஏனெனில் எஞ்சினின் நடுக்கம் பணத்தைத்தான் தின்னும், பிரேக்கின் குறை உயிரைத் தின்னும். பெடலுக்குப் பின்னால் இருக்கும் பெரிய வட்ட டப்பாவான பிரேக் பூஸ்டரை ஒரு சவ்வு இரண்டு அறைகளாகப் பிரிக்கிறது. ஓய்வில் இரு அறைகளிலும் வெக்கியூம் இருக்கும். பெடலை மிதித்ததும் ஓட்டுநர் பக்கத்து அறைக்குள் வெளிக்காற்று புகுந்து, சவ்வை முன்னோக்கித் தள்ளி, காலின் விசையைப் பல மடங்காக்குகிறது. தள்ளுவது வெளிக்காற்று என்பதைக் கவனிக்க வேண்டும். வெளிக்காற்று மெலிந்த மலையில் அந்தத் தள்ளுவிசையும் குறைவு. கணக்கிட்டால், கொழும்பில் பூஸ்டர் தரக்கூடிய உச்ச உதவியில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு அப்புத்தளையில் கிடைப்பதில்லை. அதாவது, நீண்ட இறக்கங்களால் பிரேக்குக்கு மிகுந்த வேலை உள்ள ஊரிலேயே, அதற்குக் கிடைக்கும் துணை இயற்கையாகவே குறைந்திருக்கிறது. அதோடு வெடித்த குழாயும் சேர்ந்தால் எஞ்சுவது ஓட்டுநரின் காலின் பலம் மட்டுமே.

இறக்கத்தில் தாழ்ந்த கியரில் இறங்கும்படி வீதியோரப் பலகைகள் சொல்வதற்கு வெக்கியூம் வழியாகவும் ஒரு காரணம் உண்டு. பெற்றோல் கார் ஒன்று தாழ்ந்த கியரில் அக்சிலேட்டரை மிதிக்காமல் இறங்கும்போது, சக்கரங்கள் எஞ்சினை வேகமாகச் சுழற்ற, த்ரோட்டிலோ மூடியிருக்க, மெனிஃபோல்டில் வெக்கியூம் அதன் உச்சத்தை அடைகிறது. எஞ்சின் வண்டியைத் தடுத்து நிறுத்துவதோடு பூஸ்டரையும் நிரப்பிக்கொண்டே வருகிறது. நியூட்ரலில் உருட்டும்போது தடுப்பு போய்விடுகிறது, பிரேக் சூடேறுகிறது. பெற்றோலை மிச்சப்படுத்துவதாக எண்ணி எஞ்சினையே அணைத்துவிட்டு உருட்டினால், பூஸ்டரின் ஒருவழி வால்வு பிடித்து வைத்திருக்கும் வெக்கியூம் இரண்டு மூன்று மிதிகளுக்குள் தீர்ந்து, அதன் பிறகு பெடல் கல்லாகிவிடும். எல்லவிலிருந்து வெல்லவாய வரை 30 கிலோமீட்டருக்கும் குறைவான தூரத்தில் ஏறத்தாழ 800 மீட்டர் இறங்கும் பாதையில் இரண்டு மூன்று மிதிகள் எத்தனை வளைவுகளுக்குப் போதும் என்பதை அந்த வழியில் சென்றவர்கள் அறிவார்கள்.

இதே வெக்கியூமை முற்றிலும் எதிர்மாறாகப் பயன்படுத்தும் வாகனமும் ஊவாவில் நாள்தோறும் ஓடுகிறது. 1924ஆம் ஆண்டில் பதுளையை வந்தடைந்த மலைநாட்டு ரயில் பாதை, 1,898 மீட்டர் உயரமுள்ள பட்டிப்பொலவைக் கடந்து, 44 அடிக்கு ஓரடி என்ற சரிவுகளில் இறங்கி, தெமோதரை வளைவில் தன்னைத் தானே சுற்றிக்கொண்டு வருகிறது. அந்தப் பாதையில் நெடுங்காலமாக ஓடிவரும் ரயில்களில், பெட்டிக்கும் பெட்டிக்கும் இடையே தொங்கும் தடித்த ரப்பர் குழாய் வெக்கியூம் பிரேக்கின் குழாயே. ரயில் ஓடும் வரை அந்தக் குழாயில் வெக்கியூம் இருந்தாக வேண்டும். அதுதான் பிரேக்கை விலக்கிப் பிடித்திருக்கிறது. குழாய் எங்கேனும் கழன்றாலோ, பெட்டிகள் பிரிந்துபோனாலோ, காற்று உள்ளே பாய்ந்து எல்லாப் பெட்டிகளிலும் பிரேக் தானாகவே விழுந்துவிடும். ரயிலில் கழன்ற குழாய் வண்டியை நிறுத்துகிறது. காரில் கழன்ற குழாய் நிறுத்தும் துணையைப் பறிக்கிறது. ரயிலுக்குரிய இந்தத் தற்காப்பு காரின் பூஸ்டருக்கு இல்லாததால், அந்த இடத்தை உரிமையாளரின் கவனம்தான் நிரப்ப வேண்டும்.

குழாய்கள் ஏன் கெடுகின்றன என்பதற்குப் பெரிய ஆராய்ச்சி வேண்டியதில்லை. எஞ்சினின் சூட்டில் ரப்பர் ஆண்டுக்கணக்கில் வெந்து, இறுகி, முனையைப் பிடிக்கும் இடத்தில் வெடிக்கிறது. எண்ணெய் பட்ட இடத்தில் மாறாக ஊதி மென்மையாகி நழுவுகிறது. கல்லும் குழியுமான தோட்டப் பாதையின் அதிர்வு, இறுக்கம் தளர்ந்த குழாயைக் கழற்றிவிடப் போதுமானது. பல நாள் ஓடாமல் நிற்கும் வண்டியின் எஞ்சின் பகுதியில் கதகதப்பைத் தேடி எலி புகுந்து குழாயைக் கடிப்பதும் உண்டு. பட்டறையில் வேறொரு வேலைக்காகக் கழற்றிய குழாயைத் திரும்ப மாட்ட மறப்பதும், முனை மாறி மாட்டுவதும் இவற்றுக்குக் குறைந்தவை அல்ல. வேலை முடிந்து வந்த நாளிலிருந்து குறை தொடங்கியிருந்தால் முதலில் பார்க்க வேண்டியது அந்த இடத்தைத்தான். 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் திறந்தது. இடைப்பட்ட ஏறத்தாழ ஐந்து ஆண்டுகளில் நாட்டிலுள்ள கார்கள் எல்லாம் புதியவை வந்து கலக்காமலே வயதேறின. அவற்றின் ரப்பரும் உடன் வயதேறியது.

கசிவைக் கண்டுபிடிக்கக் காதே முதற் கருவி. ஐட்லிங்கில் சீறும் ஒலி எங்கிருந்து வருகிறது என்று, விசிறியிலிருந்தும் பெல்ட்டிலிருந்தும் கையையும் உடையையும் விலக்கி வைத்துக்கொண்டு, ஒரு துண்டு ரப்பர் குழாயைக் காதில் வைத்துத் தேடலாம். ஒவ்வொரு குழாயாக மெதுவாக நெரித்துப் பார்க்கும்போது எந்தக் குழாயை நெரித்ததும் எஞ்சின் சீராகிறதோ, கசிவு அதிலோ அது போய்ச் சேரும் பாகத்திலோ இருக்கிறது. சந்தேகமுள்ள மூட்டில் சோப்புத் தண்ணீரைத் தெளித்தால், அது உள்ளே இழுக்கப்பட்டு ஒலியும் சுற்றும் ஒரு கணம் மாறும். சில இடங்களில் பெற்றோலையே தெளித்துப் பார்ப்பார்கள். சூடான எஞ்சினின் மேல் அது நெருப்பை வரவழைக்கும் செயல் என்பதால் அறவே விலக்கத்தக்கது. வெக்கியூம் அளவியை வைத்திருக்கும் மெக்கானிக் அதே ஊரில் நலமாக ஓடும் இன்னொரு வண்டியின் அளவோடு ஒப்பிட்டுப் பார்ப்பது, எந்த அட்டவணையைவிடவும் நம்பத்தகுந்த வழி.

பூஸ்டருக்கோ எந்தக் கருவியும் வேண்டியதில்லை. எஞ்சினை அணைத்துவிட்டு, ஹேண்ட் பிரேக்கை இழுத்துவிட்டு, பெடல் கடினமாகும் வரை ஐந்தாறு முறை மிதித்து உள்ளிருக்கும் வெக்கியூமைத் தீர்த்துவிட வேண்டும். பின்பு பெடலை மிதித்துப் பிடித்தபடியே எஞ்சினை ஸ்டார்ட் செய்தால், பூஸ்டரும் குழாயும் நலமாக இருக்கும் வண்டியில் பெடல் காலுக்கடியில் தானாகச் சற்றுக் கீழே இறங்கும். மிதிக்கும் ஒவ்வொரு முறையும் எஞ்சின் தடுமாறினால் பூஸ்டரின் சவ்வு கிழிந்திருக்கலாம். மடுல்சீமையிலிருந்தோ லுணுகலையிலிருந்தோ பதுளை வைத்தியசாலைக்கு நோயாளியை ஏற்றிப் புறப்படும் வானுக்கும், பள்ளிப் பிள்ளைகளை ஏற்றிப் பசறைக்கு இறங்கும் வானுக்கும் இந்தச் சோதனை காலையில் ஒரு நிமிடத்துக்கு மேல் பிடிக்காது. பெடல் இறங்காமல் அப்படியே நின்றால், குழாயைப் பார்க்கும் வரை அந்த வண்டியை இறக்கத்துக்கு எடுக்கக்கூடாது.